அப்பாவின் புத்தகத்துக்கு இப்போது யார் உரிமையாளர்?

எங்கள் நியூ ஜேர்சி வட்டத்திலுள்ள ஒரு குடும்பம், தங்கள் தகப்பனார் எழுதிய புத்தகங்களில் ஒரு பிரதிகூட உலகத்தில் மிஞ்சவில்லை என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தது. அவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். மூன்று சிறு நூல்கள் எழுதினார். 1988 இல் காலமானார். அலுமாரியில் இருந்த பிரதிகள் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு போய்விட்டன. அண்மையில் பேத்தி ஒருத்தி பள்ளிக்கூட வேலைக்காக எதையோ தேடப்போய், ஹாதிட்ரஸ்ட் என்ற எண்ணிம நூலகத்தில் அப்பப்பாவின் பெயரைக் கண்டாள். மூன்று நூல்களும் அங்கே இருந்தன, அட்டை முதல் அட்டை வரை ஸ்கான் செய்யப்பட்டு. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. தேடல் மட்டும், முழுப் பார்வை இல்லை என்ற குறிப்புத்தான் நின்றது.

சனிக்கிழமைகளில் பழைய புத்தகங்களையும் மலர்களையும் ஸ்கான் செய்யும் நாலைந்து பேர் நாங்கள். குடும்பத்தின் மூத்த மகன் எங்களிடம் வந்தார். "உரிமையாளர் அனுமதி தந்தால்தான் திறக்கலாமாம். அந்த உரிமையாளரை நாங்கள் எங்கே போய்த் தேடுவது, அண்ணை?" என்று கேட்டார். உரிமையாளர் அவர்தான், ஐந்தில் ஒரு பங்குக்கு. மற்ற நாலு பங்கும் ஹியூஸ்ரனிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சுன்னாகத்திலும் இருக்கும் சகோதரங்களுடையது. அவருக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும்தான்.

நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல. கணக்குப் பார்த்துப் பிழைப்பவர்கள். ஒரு சொத்து என்று வந்தால் அது யார் பெயரில் இருக்கிறது, எப்போது முடிகிறது, கைமாற என்ன பத்திரம் வேண்டும் என்று கேட்பது தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்த விடயத்தைத் தோண்டியதில் அறிந்தவற்றை, இதே நிலையிலுள்ள மற்றக் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொற்கள். இலங்கையில் 'பதிப்புரிமை' என்கிறோம், தமிழ்நாட்டில் பலர் 'காப்புரிமை' என்கிறார்கள். இலங்கைச் சட்டத்தில் 'புலமைச் சொத்து' என்று வருவதை இந்தியாவில் 'அறிவுசார் சொத்து' என்று எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றுதான். எங்கள் பழைய புத்தகங்களின் உள்பக்கத்தில் விலைக்கும் அச்சகத்தின் பெயருக்கும் பக்கத்தில் 'உரிமை: ஆசிரியருக்கே' என்று ஒரு வரி இருக்கும். அதை வாசித்தவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையே அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

யாழ்ப்பாணத்தில் அச்சான புத்தகம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்கீழ் இந்தியா கோதுமை வாங்கியது. அதன் விலையை ரூபாயிலேயே கட்டியது. இந்தியாவில் குவிந்த அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அங்கே வெளியான புத்தகங்களை மொழி மொழியாக வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. கோதுமைக்குப் பதிலாகப் புத்தகம். கணக்காளருக்கு இதைவிட இனிமையான பற்றுவரவு வேறில்லை. தெற்காசிய நூல்களை இப்படி ஒழுங்காகச் சேர்க்கும் வழக்கம் ஒருமுறை தொடங்கியபின் இலங்கைத் தமிழ் நூல்களும் பல வழிகளில் சிக்காகோவுக்கும் பேர்க்லிக்கும் ஓஸ்ரினுக்கும் வந்து சேர்ந்தன.

2004 இல் கூகிள் நிறுவனம் பெரிய நூலகங்களின் புத்தகங்களை மொத்தமாக ஸ்கான் செய்யப் புறப்பட்டது. முதல் ஐந்தில் மிச்சிகன், ஸ்ரான்போர்ட் இரண்டும் இருந்தன. பின்னர் கலிபோர்ணியா பல்கலைக்கழகம் சேர்ந்தது. 2007 இல் ஓஸ்ரினிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகமும் எங்கள் நியூ ஜேர்சியின் பிறின்ஸ்ரனும் சேர்ந்தன. அதாவது எங்கள் ஆட்கள் அதிகமாக வாழும் மூன்று இடங்களிலும் ஒவ்வொரு பெரிய நூலகம். பல்கலைக்கழகங்கள் தமக்குக் கிடைத்த ஸ்கான்களை ஓரிடத்தில் வைக்க 2008 இல் ஹாதிட்ரஸ்டைத் தொடங்கின. அது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்து இயங்குகிறது.

எழுத்தாளர் சங்கமான ஓதர்ஸ் கில்ட் இரண்டு பேரின்மேலும் வழக்குப் போட்டது. ஹாதிட்ரஸ்ட் வழக்கில் 2014 இலும் கூகிள் வழக்கில் 2015 இலும் நியூயோர்க்கிலுள்ள இரண்டாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முழுப் புத்தகத்தையும் ஸ்கான் செய்து அதற்குள் சொல் தேட விடுவது நியாயமான பயன்பாடு. பார்வைக் குறைபாடு போன்ற காரணங்களால் அச்சை வாசிக்க முடியாதவர்களுக்கு ஹாதிட்ரஸ்ட் முழு நூலையும் கொடுப்பதும் சரி. ஆனால் காப்பிலுள்ள புத்தகத்தை எல்லோருக்கும் திறந்துவிட அந்தத் தீர்ப்புகள் இடம் தரவில்லை. அதனால்தான் பேத்தி கண்ட அந்தப் பூட்டு.

பூட்டு எத்தனை காலத்துக்கு? இங்கேதான் குடும்பங்கள் அதிர்ச்சியடைகின்றன. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளரின் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும். 1988 இல் காலமானவருக்கு அது 2058 முடியும் வரை. இந்தியாவில் வாழ்நாளும் 60 வருடமும். கனடாவில் 50 ஆக இருந்தது 2022 டிசம்பர் 30 அன்று 70 ஆகிவிட்டது. 1972 இல் இறந்த ஓர் எழுத்தாளரின் நூல் அங்கே 2023 ஜனவரி 1 இல் பொதுவுடைமை ஆகியிருக்கும். இரண்டு நாளில் தப்பிப் போய் 2042 முடிவுக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் கணக்கு வேறு. 1978 க்குப் பின் எழுதப்பட்டவற்றுக்கு வாழ்நாளும் 70 வருடமும். அதற்குமுன் வெளிநாட்டில் வெளியான நூல், 1996 ஜனவரி 1 அன்று தன் சொந்த நாட்டில் காப்பில் இருந்திருந்தால், அமெரிக்காவில் அதற்கு வெளியீட்டு ஆண்டிலிருந்து 95 வருடக் காப்புக் கிடைத்தது. 1996 இல் இலங்கையில் இருந்தது 1979 ஆம் ஆண்டின் பழைய சட்டம். அதன்படி வாழ்நாளும் 50 வருடமும். ஆகவே 1945 முடிவதற்குள் இறந்தவர்களின் நூல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆறுமுக நாவலர் 1879 இலும் சி. வை. தாமோதரம்பிள்ளை 1901 இலும் மறைந்தவர்கள். அவர்களை யாரும் தாராளமாக ஏற்றலாம். எங்கள் ஆசிரியரின் 1972 நூலுக்கோ அமெரிக்கக் காப்பு 2067 முடியும் வரை நீள்கிறது. அந்தப் பேத்தி அப்போது பேரப்பிள்ளை காண்பாள்.

பத்திரிகைகளுக்கும் இதே 95 வருடக் கணக்குத்தான். ஈழகேசரி 1930 இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டு இதழ்களின் அமெரிக்கக் காப்பு எப்படிப் பார்த்தாலும் 2025 இறுதியோடு முடிகிறது. அதன்பின் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் அடுத்த ஓர் ஆண்டு இதழ்கள் விடுபடும். காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி.

காத்திருக்க முடியாதவர்களுக்கு உள்ள வழி, உரிமையாளர் கையொப்பம். அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை வீடு வளவு போன்ற ஒரு சொத்து. உயிலால் கொடுக்கலாம். உயில் இல்லாவிட்டால் வாரிசுகளுக்குப் போகும். விற்பதானாலும் முழுமையாகக் கைமாற்றுவதானாலும் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. இதில் பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. அப்பாவின் கையெழுத்துப் பிரதி உங்களிடம் இருக்கிறது என்பதாலோ கடைசி அச்சுப் பிரதி உங்கள் அலுமாரியில் இருக்கிறது என்பதாலோ உரிமை உங்களுக்கு வந்துவிடாது. தாள் வேறு, உரிமை வேறு. தாள் மூத்த அக்காவிடமும் உரிமை ஐந்து பேரிடமும் இருக்கலாம்.

வாரிசு யார் என்பதை எந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும்? 1998 இல் ரஷ்யப் பத்திரிகைகள் தொடர்பான ஒரு வழக்கில் இதே நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பிரிப்பைச் சொன்னது. உரிமையாளர் யார் என்பதற்கு நூலோடு நெருங்கிய தொடர்புடைய நாட்டின் சட்டம், மீறல் நடந்ததா என்பதற்கு மீறல் நடந்த நாட்டின் சட்டம். யாழ்ப்பாணத்தில் உயில் எழுதாமல் காலமான ஒருவரின் சொத்து என்றால் தேசவழமையையும் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் முதுசக் கட்டளைச் சட்டத்தையும் பார்க்க வேண்டிவரும். தேசவழமை எடிசன் நகரத்துச் சமையலறை மேசைக்கு வந்து சேரும் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை. அம்மா அப்பாவுக்குப் பின்தான் காலமானார் என்றால் அவருடைய பங்கு எப்படி இறங்கியது என்பதும் கணக்கில் வரும்.

ஐந்து பேரும் கையொப்பமிட வேண்டுமா? அமெரிக்காவில் கூட்டுரிமையாளர் ஒருவர் தனித்தே ஓர் அனுமதி கொடுக்கலாம், அந்த அனுமதி ஒருவருக்கு மட்டும் என்ற தனியுரிமையாக இல்லாதவரை. பணம் வந்தால் மற்றவர்களுக்குப் பங்கு கணக்குக் காட்ட வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் அப்படி இல்லை, எல்லா உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். ஒரு கையொப்பத்தோடு இங்கே திறந்த நூலை லண்டனில் இருந்தும் யாரோ வாசிப்பார்கள். அதனால் எங்கள் அபிப்பிராயம், ஐந்தையும் வாங்குவதே நல்லது. சட்டத்துக்கு மட்டுமல்ல, பிறகு கலியாண வீட்டில் முகம் பார்த்துக் கதைப்பதற்கும்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூல்களை ஆங்கிலத்தில் 'அநாதை நூல்கள்' என்ற பொருளில் சொல்கிறார்கள். எங்கள் காதுக்கு அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2006 இலும் 2015 இலும் இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 2008 இல் வந்த சட்டமூலம் காங்கிரஸில் நிறைவேறவில்லை. கனடாவில் பதிப்புரிமைச் சபையிடம் விண்ணப்பித்து, உரிமையாளர் கிடைக்காத நூலுக்கு உரிமம் பெறலாம். ஐக்கிய இராச்சியத்தில் 2014 முதல் அப்படியொரு ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 2011 இல் ஒரு முயற்சி செய்தது. தேடியும் உரிமையாளர் கிடைக்காத நூல்களின் பட்டியலை வெளியிட்டு, யாரும் வராவிட்டால் தன் மாணவர்களுக்குத் திறப்பதாகச் சொன்னது. எழுத்தாளர் சங்கம் அந்தப் பட்டியலை எடுத்துத் தேடத் தொடங்கியது. பட்டியலில் இருந்த ஜே. ஆர். சலமான்கா என்ற நாவலாசிரியர் மேரிலண்டில் உயிரோடு இருந்தார். திட்டம் நிறுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதிய, பெயர் தெரிந்த ஓர் அமெரிக்க எழுத்தாளரையே ஒரு பல்கலைக்கழகத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. புனைபெயரில் எழுதி, வலிகாமத்திலிருந்து வன்னிக்கும் அங்கிருந்து எங்கெங்கோவும் போனவரை எந்த நூலகர் தேடுவார்? குடும்பம்தான் தேடி வரவேண்டும்.

அப்படி வருவதற்கு ஹாதிட்ரஸ்டில் வழி இருக்கிறது. உரிமையாளர் தாமாகவே ஒரு படிவத்தில் கையொப்பமிட்டு நூலைத் திறக்கச் சொல்லலாம். கட்டணம் இல்லை. ஸ்கான் செய்யும் வேலையும் இல்லை, அது ஏற்கெனவே முடிந்துவிட்டது. எங்கள் சமூகத்தில் இது இன்னும் பரவலாகத் தெரியவில்லை என்பதே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள இன்ரநெற் ஆர்க்கைவின் கதை வேறு. 1996 இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இந்நிறுவனம் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்குகிறது. பே ஏரியா நண்பர்கள் போய்ப் பார்க்கலாம். கைவசம் ஓர் அச்சுப் பிரதி இருந்தால் ஓர் எண்ணிமப் பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு இரவல் கொடுப்பது அதன் முறை. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில், அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. ஜூனில் நாலு பெரிய பதிப்பகங்கள் 127 நூல்களைக் காட்டி வழக்குப் போட்டன. 2023 மார்ச்சில் ஆர்க்கைவ் தோற்றது. 2024 செப்டெம்பர் 4 இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. ஒன்றுக்கு ஒன்று என்ற இரவல் முறையே நியாயமான பயன்பாடு அல்ல என்றானது. 5 இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்களை இரவலில் இருந்து எடுக்க நேர்ந்தது. நல்ல நோக்கத்தோடு செய்வது மட்டும் போதாது என்பது எங்களைப் போன்ற சனிக்கிழமைத் தொண்டர்களுக்கு நன்றாக உறைத்தது. அதுவரை நாங்களும் 'யார் வந்து கேட்கப் போகிறார்கள்' என்றுதான் சில நூல்களை ஏற்றியிருந்தோம். பிறகு அவற்றை இறக்கிவிட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினோம்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் கோபப்படுவது வழமை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. கொளுத்தியவனிடம் யாரும் உரிமைப் பத்திரம் கேட்கவில்லை, காப்பாற்றுகிற எங்களிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு பெரியவர் ஒரு கூட்டத்தில் எழும்பிக் கேட்டார். கைதட்டலும் கிடைத்தது. அந்தக் கேள்வியின் வலி எங்களுக்கும் உண்டு. ஆனால் அது இரண்டு காரியங்களை ஒன்றாகக் குழைக்கிறது. காப்பாற்றுவது ஒன்று, ஊருக்கெல்லாம் விநியோகிப்பது இன்னொன்று. அமெரிக்கச் சட்டத்தில் நூலகங்களுக்கென ஒரு பிரிவு இருக்கிறது. பழுதடைகிற அல்லது தொலைந்த நூலுக்கு மாற்றுக் கிடைக்காவிட்டால் நூலகம் மூன்று பிரதி வரை எடுத்துப் பாதுகாக்கலாம். எண்ணிமப் பிரதியை நூலகக் கட்டடத்துக்கு வெளியே விடக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே ஸ்கான் செய்து பத்திரப்படுத்துவதை ஒத்திப்போட எந்தக் காரணமும் இல்லை. திறப்பதற்குத்தான் கையொப்பம்.

அந்தக் கையொப்பத்தைக் கேட்பது எழுதியவருக்குச் செய்யும் மரியாதையும்கூட. எங்கள் ஊரில் ஒரு நூல் ஐந்நூறு பிரதி அச்சடித்தால் அதுவே பெரிது. எழுத்தாளர் தன் காசைப் போட்டு அச்சடித்து, வெளியீட்டு விழாவில் கொஞ்சம் விற்று, மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருப்பார். அப்படி ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அவருடைய புதிய நூலை முழுதாக ஸ்கான் செய்து வட்ஸ்அப் குழுவில் விடுவதைத் தமிழ்ப்பற்று என்று சொல்லிக்கொள்கிறோம். அவருக்கு இருபது டாலர் அனுப்புவது அதைவிடச் சுகமான காரியம்.

சரியாக நடக்கும் முறைக்கு உதாரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சுவிற்சர்லாந்தின் லோசானில் இருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களையும் உரிமையாளர் இசைந்த நூல்களையும் ஏற்றி வருகிறது. 2005 பொங்கலோடு தொடங்கிய நூலகம் திட்டம், இன்றைய நூலக நிறுவனம், ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், மலர்கள் எல்லாவற்றையும் சேர்க்கிறது. எழுத்தாளரிடமும் குடும்பத்தாரிடமும் அனுமதி கேட்டுப் பெறுவது அதன் வழமை. டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிப் பல தசாப்தங்கள் நடத்திய மல்லிகை இதழ்களை இன்று நியூ ஜேர்சியில் இருந்து வாசிக்க முடிவது இப்படியான உழைப்பினால்தான்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் இருந்தது. பாரதியின் பாடல்களை இசைத்தட்டுக்கும் படத்துக்கும் பயன்படுத்தும் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அதனால் எழுந்த தகராறின் பிறகு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1949 இல் சென்னை அரசு பாரதியின் படைப்புகளைப் பொதுவாக்க முன்வந்தது. செட்டியார் தன்னிடமிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி இதை ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கிறார். அதன்பின் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குவது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஈழத்து எழுத்தாளரின் பிள்ளைகள் அப்படியோர் அரசை எதிர்பார்த்து இருக்க முடியாது. அந்த அரசின் வேலையையும் பிள்ளைகளே செய்ய வேண்டியதுதான்.

சில சிக்கலான பொருட்கள் உண்டு. 31 ஆம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு அதில் ஒன்று. குடும்ப வரலாறு, வம்சாவளி, ஊர்ப் பெயர்கள் என்று இதைவிடச் செறிவான ஆவணம் எங்களிடம் குறைவு. காசு கொடுத்து அச்சடித்தது குடும்பம்தான். ஆனால் வெண்பாவும் புலம்பலும் பாடிக் கொடுத்தது ஊர்ப் புலவர். பாட்டின் உரிமை எழுதிக் கொடுக்கப்படாதவரை புலவருடையது, பிறகு அவர் பிள்ளைகளுடையது. பழைய மாணவர் சங்க மலர்களும் அப்படியே. சங்கத் தலைவர் அனுமதி தந்தார் என்பதால் உள்ளே கட்டுரை எழுதிய நாற்பது பேரும் தந்ததாக ஆகாது. 2001 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகைக்கு எதிராக, சுயாதீன எழுத்தாளர்களின் கட்டுரைகளைப் பிரித்துத் தனித்தனியாகத் தரவுத்தளத்தில் போட்டதைப் பிழை என்றது. மலரை ஒரே மலராக, பக்கம் பிரிக்காமல், அச்சில் இருந்தபடியே ஏற்றுவது இதனால் பாதுகாப்பானது.

பதிப்புரிமையோடு சம்பந்தப்படாத ஒரு விடயத்தையும் சொல்லிவிடுகிறோம். 1980களின் துண்டுப்பிரசுரங்களிலும் மாணவர் அமைப்பு மலர்களிலும் பெயர்களும் படங்களும் இருக்கின்றன. தேடுபொறி அவற்றை ஒரு நொடியில் கொண்டுவந்து காட்டும். அடைக்கலக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களும் ஊரில் உறவினர் உள்ளவர்களும் எங்களில் இருக்கிறார்கள். உரிமை சரியாக இருந்தாலும் அப்படிப்பட்ட ஆவணங்களை ஏற்ற நாங்கள் அவசரப்படுவதில்லை.

இனிக் கடிதம். நாங்கள் தயாரித்த அனுமதிக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. நூலின் பெயர், ஆண்டு, அச்சகம், எழுத்தாளரின் இயற்பெயரும் புனைபெயரும், கையொப்பமிடுபவருக்கும் அவருக்கும் உள்ள உறவு, வேறு வாரிசுகள் யார் யார், வாசிக்கவும் பதிவிறக்கவும் மட்டுமா மறுபதிப்புக்குமா, உரிமை குடும்பத்திடமே தொடர்ந்து இருக்கிறது என்ற ஒரு வரி. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் கேட்டால் அதில் எந்த வகை என்று நிதானமாகப் பாருங்கள். வணிக நோக்கத்துக்கு இடம் கொடுக்கும் வகையும் உண்டு, கொடாததும் உண்டு. எதுவானாலும் ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. இதை ஆறுதலாக யோசித்துச் செய்ய வேண்டும் என்று ஹியூஸ்ரன் தங்கச்சி சொன்னது சரி என்றே நினைக்கிறோம்.

வொஷிங்டன் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை. வெளிநாட்டு நூலுக்குப் பதிவில்லாமலே வழக்குப் போடலாம். ஆனால் சட்டம் விதித்துள்ள நிலையான நட்டஈட்டைக் கேட்க, மீறலுக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். வாரிசுகள் பதியும் சாதாரண விண்ணப்பத்துக்குக் கட்டணம் 65 டாலர். 2025 இல் சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில், களவாய் ஏற்றப்பட்ட நூல்களைச் செயற்கை நுண்ணறிவுக்காக இறக்கிவைத்தது பற்றிய வழக்கில், அன்த்ரொபிக் நிறுவனம் எழுத்தாளர்களுக்கு 150 கோடி டாலர் கொடுக்க இணங்கியது. பங்கு கேட்கக்கூடிய நூல்கள் அமெரிக்காவில் உரிய காலத்தில் பதியப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1972 இன் யாழ்ப்பாண நூலுக்கு இது பொருந்தாது. இங்கே இப்போது எழுதிக்கொண்டிருக்கும் எங்கள் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது.

எங்கள் தொழில் சார்ந்த ஒரு வேண்டுகோளும் உண்டு. உயில் எழுதும்போது வீடு, ஓய்வூதியக் கணக்கு, நகை என்று எழுதுகிறோம். அப்பாவின் நூல்களையும் எங்கள் சொந்த எழுத்தையும் ஒரு வரியில் சேர்த்து, ஒரே ஆளின் பெயரைப் போடுங்கள். சந்தைப் பெறுமதி பூச்சியமாக இருக்கலாம். அந்த வரி இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையில் ஐந்து பங்கு பதினாலு பங்காகும். அவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்காது. ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கவும் மாட்டார்கள்.

அந்தக் குடும்பத்தின் கதை இன்னும் முடியவில்லை. நாலு கையொப்பம் ஒரு மாதத்தில் வந்தன. சுன்னாகத்து அக்காவுக்கு மின்னஞ்சல் இல்லை. மகனுடைய தொலைபேசியில் படிவத்தைக் காட்டியபோது, அப்பாவின் புத்தகத்தை வைத்து யாரோ காணி எழுதுவிக்கப் பார்க்கிறார்கள் என்று பயந்து கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மூத்தவர் ஊருக்குப் போனபோது பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டி வாங்கி வந்தார். இரண்டு நூல்களுக்கான படிவங்களை அனுப்பியாயிற்று. மூன்றாவதன் உள்பக்கத்தில் 'உரிமை: பதிப்பகத்துக்கு' என்று இருக்கிறது. அந்தப் பதிப்பகம் மூடி நாற்பது வருடம். அதை நடத்தியவரின் மகள் அவுஸ்திரேலியாவில், மெல்பேர்னில் இருப்பதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.